இரண்டு பார்வைக் கோடுகள்: லாம்ப்டனின் தியோடலைட்டும் இன்றைய டிரோனும்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவில் தாம் முதலில் அளந்த நெடுங்கோட்டு வில், கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்தில் தொடங்கி வடக்கே ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டது. அதன் வட முனையின் அகலாங்கை அவர் 13 பாகை 19 கலை 49 விகலை என்று கணக்கிட்டார். இன்றைய ஊத்துக்கோட்டையின் அகலாங்கும் ஏறக்குறைய அதுவேதான். ஊத்துக்கோட்டைக்குத் தென்மேற்கே திருவாலங்காடு, வடகிழக்கே கும்மிடிப்பூண்டி. கரும்புக்கு மருந்து தெளிக்கவும், தொழிற்பேட்டை மனைகளை அளக்கவும், மின்கோபுரங்களைப் பார்வையிடவும் இன்று டிரோன் பறக்கிற இந்த வட்டாரத்தை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலர் ஒரே கேள்வியோடு சுற்றிப் பார்த்திருக்கிறார்கள்: எங்கே நின்றால் எது தெரியும்?

அந்தக் கேள்விக்கு அன்று கிடைத்த விடையையும் இன்று நாம் சொல்லும் விடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை. செயலியில் வரைபடத்தைத் திறந்து, நான்கு மூலைகளைத் தொட்டு, பறக்கும் பாதையைப் போட்டுவிட்டால் திட்டம் முடிந்தது என்ற எண்ணம் இன்று டிரோன் தொழிலில் பரவலாக இருக்கிறது. லாம்ப்டனின் வேலையைத் தெரிந்துகொண்டால், திட்டத்தில் எந்தப் பகுதி உண்மையிலேயே எளிதாகிவிட்டது, எந்தப் பகுதி அன்றுபோலவே கடினமாக இருக்கிறது என்பது விளங்கும்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே லாம்ப்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், சுமார் 12 கி.மீ.; அளந்து முடிக்க 57 நாள். நூறடி எஃகுச் சங்கிலி, அது தொய்யாமல் கிடக்க மரப்பெட்டிகள், பெட்டிகளைத் தாங்க முக்காலிகள், வெயிலில் எஃகு நீள்வதைக் கணக்கில் சேர்க்க வெப்பமானிகள். முதலில் அந்த ஒரு கோட்டைத்தான் தரையோடு தரையாக அளந்தார். அதற்குப் பிறகு கோணம் பார்த்தால் போதும். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கு கொடுத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று முனைகளும் ஒன்றுக்கொன்று கண்ணில் பட வேண்டும்.

நிபந்தனை சின்னதாகத் தெரியலாம். வேலை முழுவதும் அதில்தான் இருந்தது. முக்கோணத்தின் பக்கங்கள் முப்பது, நாற்பது மைல்வரை நீண்டன. அவ்வளவு தொலைவில் மரமும் வீடும் மிகப் பெரிய தடை இல்லை. பூமியின் வளைவுதான் பெரிய தடை. சமதரையில் கண்ணை வைத்துப் பார்த்தால், 40 கி.மீ. தள்ளி நிற்கும் பொருளின் அடிப்பகுதியில் 100 மீட்டருக்கு மேல் வளைவே மறைத்துவிடும். காற்றில் ஒளி வளைந்து வருவதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு இது. ஆகவே உயரம் வேண்டும். 800 மீட்டர் உயரமுள்ள மலைமேல் நிற்பவருக்குத் தொடுவானம் நூறு கி.மீ.க்கும் அப்பால் போய்விடும். கடலில் வந்த மாலுமிகள் கரைக்கு உள்ளே வெகுதூரம் தள்ளியிருக்கும் நகரி மூக்கு மலையைப் பார்த்துத் திசை குறித்தது இதனால்தான்.

கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை மலைமலையாக ஏற்றி இறக்கியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. கேரி என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் செய்த கருவி அது. வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், பிறகு மரியாதையோடு சென்னைக்கு அனுப்பப்பட்டது. மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களை மலையாக்கிக்கொண்டார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு விட்டுப்போய்க் கருவி சுவரில் மோதியது. கோணம் குறித்த வட்டு நெளிந்தது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே நிமிர்த்தினார். கண்ணுக்கு உயரம் வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை அது.

இப்போது டிரோனுக்கு வருவோம். டிரோன் பைலட்டுக்கு ஒரு கோடு போதாது, மூன்று வேண்டும். கண்ணிலிருந்து டிரோனுக்கு ஒன்று. கையிலிருக்கும் ரிமோட்டிலிருந்து டிரோனுக்கு ரேடியோ அலை போகும் கோடு இன்னொன்று. டிரோனிலிருந்து வானத்துச் செயற்கைக்கோள்களுக்கு மூன்றாவது. மூன்றும் மூன்று விதமாக அறுபடும். திறந்த வெளியில் ரேடியோக் கோடு பல கி.மீ. போகும். விற்பவர் தரும் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த எண்தான். செயற்கைக்கோள் கோட்டுக்குத் தலைக்கு மேல் அகலமான வானம் திறந்திருக்க வேண்டும். உயரமான தகரக் கொட்டகையின் ஓரத்தில் பாதி வானம் மறைந்துவிடும், மீதிப் பாதியிலிருந்து வரும் அலையும் தகரத்தில் பட்டுத் திரும்பி இடத்தைத் தவறாகக் காட்டும்.

மூன்றிலும் குட்டையானது கண்ணின் கோடு. நல்ல பார்வை உள்ளவர் ஒரு கலை அளவுக் கோணத்தைப் பிரித்தறிவார். 35 செ.மீ. அகலமுள்ள டிரோன் 1,200 மீட்டரில் அந்த ஒரு கலைக்குள் அடங்கிவிடும். அதாவது வெறும் புள்ளி. புள்ளியாகத் தெரிவதும் பயன்படத் தெரிவதும் வேறு. டிரோன் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது, நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று தெரிய வேண்டுமானால் நானூறு, ஐந்நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தத் தொலைவில் பூமியின் வளைவு இரண்டு செ.மீ.கூட இல்லை. லாம்ப்டனுக்குப் பெரிய எதிரியாக இருந்தது இங்கே ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. அவருக்குச் சிறிதாக இருந்த ஒன்று எதிரியாகிறது: ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு பனைமரம்.

திருவாலங்காட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வடாரண்யேஸ்வரர் கோயிலுக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் பேர்பெற்ற ஊர். சுற்றிலும் கரும்பு, நெல், ஏரிகள். மேற்கே பத்துக் கி.மீ. அளவில் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம் இருக்கிறது. 1992-ல் தொடங்கியது, பி-8ஐ விமானங்களும், 2020 முதல் எம்.க்யூ-9பி என்ற பெரிய ஆளில்லா விமானங்களும் அங்கிருந்து பறக்கின்றன. 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள வளையத்தில் முன் அனுமதி இல்லாமல் 200 அடிக்குமேல் போகக் கூடாது. 8 கி.மீ.க்கு உள்ளே அனுமதி இல்லாமல் எழும்பவே கூடாது. மற்றப் பச்சை மண்டலத்தில் 400 அடி. ராணுவத் தளங்களுக்குத் தனித் தடைகளும் உண்டு. வளையம் எந்த வயலில் தொடங்கி எந்த வயலில் முடிகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்பரப்பு வரைபடத்தில் பறக்கும் நாளன்றே பார்த்தாக வேண்டும்.

200 அடி என்றால் 60 மீட்டர். வயலோரம் நிற்கும் பைலட்டின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். ஐம்பது மீட்டர் எதிரே 15 மீட்டர் உயரப் பனைவரிசை. 60 மீட்டரில் பறக்கும் டிரோன், பைலட்டிடமிருந்து 217 மீட்டர் போனதும் பனைகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். 400 மீட்டர்வரை கண்ணில் வைத்திருக்க அது 110 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். அந்த வளையத்தில் அதற்கு இடமில்லை. என்ன செய்யலாம்? லாம்ப்டன் வழியில் ஏறலாம்: நான்கு மீட்டர் உயர ஏரிக்கரையில் நின்றால் 217 என்பது 287 ஆகும். இன்னொரு வழி, பின்னால் நடப்பது. பனைவரிசைக்கும் தனக்கும் நடுவே நூறு மீட்டர் விட்டுத் தரையிலேயே நின்றால் 433 மீட்டர்வரை தெரியும். ஐம்பது மீட்டர் பின்னால் நடந்ததில் பார்வை இரட்டித்துவிட்டது.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நீண்ட கோட்டுக்கு உயரம் மருந்து. குட்டைக் கோட்டுக்கு நிற்கும் இடமே மருந்து. லாம்ப்டன் கருவியோடு ஏறினார். டிரோன் காலத்தில் கருவி தானே ஏறிவிடுகிறது. மனிதன் எங்கே நிற்பது என்பதுதான் திட்டம். ஆனால் பறக்கும் பாதை போடும் செயலிகள் டிரோன் எங்கே போக வேண்டும் என்று விரிவாகக் கேட்கின்றன. பைலட் எங்கே நிற்கப்போகிறார், அவருக்கு எதிரே என்ன நிற்கிறது என்பதை அந்த அளவுக்குக் கேட்பதில்லை.

கரும்பு இன்னொரு பாடம் சொல்கிறது. வளர்ந்த கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டும். அதற்குப் பக்கத்தில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் டிரோன் தெரியும். ஆனால் ரிமோட் மார்பளவில் இருக்கிறது. ரேடியோ அலை நூல் பிடித்ததுபோல் மெல்லிய கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்த கதிர் வடிவில் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு கி.மீ. தொலைவின் நடுப்புள்ளியில் அந்தப் பருமனின் ஆரம் ஐந்தரை மீட்டருக்கு மேல். ஈரம் நிறைந்த பசுந்தழை அதில் புகுந்தால் அலை தேய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் ரேடியோவுக்கும் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது.

திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் கதை மாறும். 365 படிகள் ஏறும் முருகன் மலையைத் தெரியாதவர் இல்லை. அதைச் சுற்றி ஆந்திர எல்லைவரை சிறுசிறு குன்றுகள். இங்கே தரையே எழும்புகிறது. பெரும்பாலான டிரோன்கள் திரையில் காட்டும் உயரம், எழும்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. சட்டம் சொல்லும் உயரம், டிரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. அடிவாரத்தில் எழும்பி 120 மீட்டரில் நிறுத்தினால், 100 மீட்டர்க் குன்றின்மேல் டிரோனுக்கும் பாறைக்கும் இருபது மீட்டர்தான். உச்சியில் எழும்பி 60 மீட்டரில் நிறுத்தி, 100 மீட்டர் ஆழப் பள்ளத்தின்மேல் போனாலோ 160 மீட்டர்; சட்ட எல்லையைத் தாண்டியாயிற்று, திரையில் 60 என்றே இருக்கும்.

படமும் கெடும். நில அளவைக்கு எடுக்கும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சமதரையில் 75 விழுக்காடு படியுமாறு இடைவெளி வைத்தால், தரை பாதி உயரத்துக்கு நெருங்கும் குன்றின்மேல் ஒவ்வொரு படமும் பாதி அகலத்தைத்தான் பிடிக்கும். படிவு 50 விழுக்காடாகக் குறையும். அங்கே கட்டும் முப்பரிமாண உருவில் ஓட்டை விழும். ஆகவே தரையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டிப் பறக்கும்படி திட்டமிட வேண்டும், அல்லது குன்றுக்குத் தனிப் பறப்பு போட வேண்டும். கண்ணைப் பொறுத்தவரை குன்றில் லாம்ப்டனின் வழிதான் சரி: உச்சியில் நின்றால் நான்கு பக்கச் சரிவுக்கும் மேலே பறக்கும் டிரோன் தெரியும், அடிவாரத்தில் நின்றால் மலையின் மறுபக்கம் முழுவதும் குருடு.

கும்மிடிப்பூண்டியில் மலை இல்லை. கடலை நெருங்கிய தட்டை நிலம். சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு உருட்டாலைகள், தேசிய நெடுஞ்சாலை 16, ரயில் மின்பாதை. லாம்ப்டன் காலத்து அளவையாளருக்கு இத்தகைய நிலம் தலைவலி, ஏற ஒரு மேடு கிடைக்காது. டிரோன் பைலட்டுக்கு இது விளையாட்டு மைதானம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தரை சமமாக இருக்கும்போது தரைமேல் நிற்பவற்றை வரைபடம் சொல்லாமல் விட்டுவிடும். உயர வரைபடங்களில் குன்று இருக்கும். போன மாதம் எழுப்பிய கிரேன் இருக்காது. உயர் அழுத்த மின்கோபுரங்கள் நாற்பது, ஐம்பது மீட்டர் எழும்பும். கோபுரம் கண்ணில் படும், கம்பி படாது. டிரோனின் தடை உணரிகளுக்கும் மெல்லிய கம்பி பெரும்பாலும் தென்படாது. தெற்கே வல்லூர், எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள். 500 மெகாவாட் அலகுகளுக்கு 275 மீட்டர்ப் புகைபோக்கி என்று விதி வைத்திருந்தார்கள்; டிரோனின் 120 மீட்டரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மேலே தாண்டிப் போக வழியே இல்லை, சுற்றித்தான் போக வேண்டும். சுற்றிப் போகும்போது பைலட்டின் கண்ணுக்கும் ரேடியோவுக்கும் குறுக்கே புகைபோக்கியே நிற்கும்.

இங்கே உயிரைக் காப்பது 'வீடு திரும்பும் உயரம்' என்ற ஓர் எண். ரேடியோக் கோடு அறுந்தால் டிரோன் தானாக அந்த உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்துக்கு நேர்க்கோட்டில் திரும்பும். அந்த நேர்க்கோட்டில் என்ன நிற்கிறது என்பதை முன்கூட்டியே பார்க்காதவர், கோடு அறுந்த அந்தக் கணத்தில் டிரோனைக் கம்பிக்கு நேராக அனுப்பியவர் ஆகிறார். ஒரு வேலைக்கு வைத்த எண்ணை அடுத்த வேலைக்கு அப்படியே விட்டுவிடுவது மிகவும் ஆபத்தான பழக்கம். இரும்புக் குவியல் திசைமானியைக் குழப்பும் என்பதால் உருட்டாலை முற்றத்தில் எழும்பும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருப்பதால் ராக்கெட் ஏவும் நாட்களின் வான்பரப்பு அறிவிப்புகளையும் பார்க்க வேண்டும். பழவேற்காட்டுப் பறவைகளுக்காகப் பறப்பதையே தவிர்க்க வேண்டிய மாதங்களும் உண்டு.

வானிலையில் இருவர் வழியும் நேர் எதிர். மழை கழுவிய காற்றில்தான் நெடுந்தொலைவு தெளிவாகத் தெரியும் என்பதால் லாம்ப்டனின் ஆட்கள் மழைக்காலத்தில் காட்டிலும் மலையிலும் கிடந்தார்கள். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், வறண்ட காலத்து இரவுகளில் விளக்கு ஏற்றிப் பார்க்கும் முறைக்கு மாறினார். டிரோனுக்கு மழையும் ஆகாது, பலத்த காற்றும் ஆகாது; 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த பழைய விதிகள் பகலில், கண்ணெட்டும் தொலைவுக்குள் மட்டுமே பறக்கச் சொன்னதோடு ஐந்து கி.மீ. தெளிவும் கேட்டன. மார்கழி மூடுபனி விலகிய பிறகு, கடற்காற்று வலுக்கும் முன்பு என்று கும்மிடிப்பூண்டியில் கிடைப்பது சில மணி நேரம்தான்.

சரிபார்ப்பில் மட்டும் இரண்டு காலமும் ஒன்றுபோலவே நடக்கின்றன. 1804-ல் பெங்களூர் அருகே இரண்டாவது அடிக்கோடு அளந்தபோது, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் ஏழு மைலுக்கு மேல் நீண்ட கோட்டில் 3.7 அங்குலம்தான் வேறுபாடு. அந்தத் துணிவோடுதான், தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடங்கள் காட்டியதைவிட நாற்பது மைல் குறைவு என்று அவரால் சொல்ல முடிந்தது. டிரோன் அளவையிலும் தரையில் குறி பதித்து, அதன் ஆயத்தொலைவைத் தனியே அளந்து, படத்தோடு ஒப்பிடாமல் தரும் வரைபடம் அழகான படம் மட்டுமே. 2021 பிப்ரவரி 15-ல் வந்த புவியியல் தரவு வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடம் தயாரிக்க வழிவிட்டன. கம்பெனி அரசின் கையில் மட்டும் இருந்த வேலை இப்போது நம் இளைஞர்கள் கையில். அந்தப் பெரிய உரிமைக்கு ஏற்ற துல்லியமும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

கண்ணெட்டும் தொலைவு என்ற கட்டுப்பாடே சீக்கிரம் போய்விடும், பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்துகளைக் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு டிரோனில் அனுப்பும் சோதனை நடந்தது. அந்த வழி வளரட்டும். ஆனால் கண்ணை விலக்கும்போது மற்ற இரண்டு கோடுகள் மீதும் முன்னறிவு மீதும் சுமை கூடுகிறது. மலைக்குப் பின்னால் போகும் டிரோனுக்கு எந்த உயரத்தில் ரேடியோ அறும், எந்தக் கம்பி எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதை இன்னும் நுட்பமாக முன்பே தெரிந்திருக்க வேண்டும். நிலத்தைப் படிக்கும் வேலை கூடுமே தவிரக் குறையாது.

அந்த வேலையை இந்த மண் லாம்ப்டனுக்கு முன்பே அறியும். முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி 31 ஏடுகள் கொண்ட செப்பேட்டில் இருக்கிறது. கொடுத்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சுற்றிவந்து உறுதிசெய்தார்கள். ஓலையில் எழுதியது போதும் என்று விடவில்லை. ஊரார் கண்முன் நடந்து பார்த்தார்கள்.

டிரோன் வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. பறக்கும் நாளுக்கு முன்னால் ஒரு நாள் நிலத்தை நடந்து பார்ப்பதற்கென்று வேலை ஆணையில் தனி வரி எழுதி, அதற்குத் தனிக் கூலி கொடுங்கள். டிரோனை இயக்கப்போகும் பைலட்டே அன்று நடக்கட்டும். நிற்கும் இடங்களை அவரே குறிக்கட்டும். மரம், கம்பி, கொட்டகை ஆகியவற்றின் உயரங்களை எழுதி, வீடு திரும்பும் உயரத்தை அந்த நிலத்துக்கென்றே வைக்கட்டும். அந்தத் தாளில் கையெழுத்து இல்லாமல் டிரோன் எழும்பக் கூடாது.